நுகோரோங்கோரோ பள்ளத்துச் சஃபாரி: சிங்கமும் கழுதைப்புலியும் மல்லுக்கட்டுவதைப் பார்க்கக் காசு கொடுக்கலாமா?

தான்சானியாவின் அருஷா ஊரில் தடுக்கி விழுந்தால் சஃபாரி நிறுவனம்தான். நுகோரோங்கோரோ பள்ளத்துக்கு ஒரு நாள் பயணம் விற்காத கடை அங்கே அபூர்வம். விளம்பரப் பலகையில் யானை, காண்டாமிருகம், சிங்கம், சிறுத்தை, எருமை என்று ஐந்தும் வரிசையாக நிற்கும். ஆனால் இந்தப் பள்ளத்தின் உண்மையான விசேஷத்தைப் பலகையில் போடுவதில்லை. ஒரே இரைக்காகச் சிங்கக் கூட்டமும் புள்ளிக் கழுதைப்புலிக் கூட்டமும் எதிரெதிரே நிற்பதைப் பட்டப்பகலில், வண்டியில் உட்கார்ந்தபடி பார்க்க இவ்வளவு வாகான இடங்கள் உலகில் கொஞ்சம்தான்.

அதற்காகவே போகிறவர்களுக்கான மதிப்புரை இது. இடத்துக்கு 5-க்கு 5. வழக்கமாக விற்கப்படும் சேவைக்கு 5-க்கு இரண்டரை. குறைகிற மதிப்பெண்ணில் பெரும்பங்கை முன்பதிவின்போதே நாலு கேள்வி கேட்டு மீட்டுவிடலாம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் மாயாறு, சீகூர் பக்கம் இருப்பது வரிக் கழுதைப்புலி. பெரும்பாலும் தனியாகத் திரியும், செத்ததைத் தேடித் தின்னும், ஆளைக் கண்டால் ஒதுங்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். புள்ளிக் கழுதைப்புலி வேறு இனம். குலமாக வாழும், பெண்ணாட்சி, 45 முதல் 70 கிலோ எடை, ஓடி விரட்டி வேட்டையாடும். குலத்தில் கடைசிப் படியில் இருக்கும் பெண்கூட, வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஆணைவிட மேல்.

பள்ளம் என்பது எரிமலை உச்சி உள்ளே சரிந்து உண்டான கிண்ணம். அடித்தளம் சுமார் 260 சதுர கிலோமீட்டர், சுற்றுச்சுவர் ஏறக்குறைய 600 மீட்டர் உயரம். உள்ளே ஆண்டு முழுக்கத் தண்ணீரும் புல்லும் உண்டு. ஆகவே வில்டபீஸ்ட் என்ற மாடு போன்ற மான், வரிக்குதிரை, எருமை எல்லாம் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகின்றன; பக்கத்துச் செரங்கெட்டி சமவெளியின் மந்தைகளைப் போல மாதக்கணக்கில் நடையாய் நடப்பதில்லை. இரை தங்கும் இடத்தில் வேட்டையாடிகளும் தங்கும். எட்டுக் கழுதைப்புலிக் குலங்கள் அந்தத் தரையைப் பங்குபோட்டு வைத்திருக்கின்றன. அதே தரையின் மேல் சிங்கக் கூட்டங்களும் தங்கள் எல்லையை வரைந்திருக்கின்றன. ஒரே வீட்டை இரண்டு குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்ட கதைதான். லெராய் காட்டுப் பகுதியை விட்டால் மரமும் குறைவு. ஒரு கிலோமீட்டர் தள்ளி நடப்பதுகூட பைனாகுலரில் தெரியும்.

1960-களில் ஹான்ஸ் க்ரூக் என்ற டச்சு விலங்கியலாளர் நிலா வெளிச்சத்தில் இந்தக் கழுதைப்புலிகளைப் பின்தொடர்ந்தார். காலையில் வந்து பார்த்தவர்கள் அதுவரை ஒரே தீர்ப்பைத்தான் எழுதியிருந்தார்கள்: சிங்கம் தின்கிறது, கழுதைப்புலி சுற்றி நிற்கிறது, எனவே திருட வந்தது கழுதைப்புலி. இரவில் கூடவே போனவருக்கு வேறு கதை தெரிந்தது. இந்தப் பள்ளத்தில் கழுதைப்புலிகள் தங்கள் உணவில் பெரும்பகுதியைத் தாங்களே வேட்டையாடுகின்றன. சத்தம் கேட்டு வந்து பிடுங்குவது பல நேரம் சிங்கம். காலை ஏழு மணிக்கு நீங்கள் பார்க்கப்போவது நள்ளிரவில் தொடங்கிய வழக்கின் கடைசி வாய்தா.

இரு தரப்பின் பலமும் காலத்துக்குக் காலம் ஏறி இறங்கும். 1962-ல் கனமழைக்குப் பிறகு பெருகிய ஒரு வகைக் கடிஈயால் பள்ளத்துச் சிங்கங்கள் பத்து என்ற அளவுக்குச் சுருங்கின. கழுதைப்புலிகளும் அப்படித்தான்: 1960-களின் நடுவில் வளர்ந்தவை சுமார் 385, 1996-ல் 117, 2002-ல் 333. ஆகவே பழைய பயணக் குறிப்பைப் படித்துவிட்டு இந்த இடத்தில் இந்தக் கூட்டம்தான் பெரிது என்று நம்பிப் போகாதீர்கள். இந்த மாதம் எந்தப் பக்கம் குலம் பெரிது, குகை எங்கே இருக்கிறது என்று கைடைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கைடு என்றால் அப்போதே விளங்கிவிடும்.

காசு விஷயத்துக்கு வருவோம். இதை எழுதும்போது வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு 24 மணி நேர நுழைவுக் கட்டணம், 18 சதவீத வரியோடு, 70.80 டாலர். பள்ளத்துக்குள் இறங்க வண்டி ஒன்றுக்குத் தனியாக 295 டாலர். இந்த இரண்டாவது தொகை ஆளுக்கு அல்ல, வண்டிக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு பேர் போனால் கட்டணம் மட்டும் தலைக்கு 218.30 டாலர், நாலு பேர் என்றால் 144.55. இதற்கு மேல் வண்டி, டீசல், கைடு சம்பளம், சாப்பாடு. புறப்படும் முன் தொகை மாறியிருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி மாறக்கூடியது.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் முன்பின் தெரியாத ஆறு பேரோடு பகிர்ந்து போகும் சஃபாரி மலிவாகத் தோன்றும். இரைச்சண்டை பார்க்க அது சுத்தமாக ஒத்துவராது. சடலம் ஒன்றின் அருகே மூன்று மணி நேரம் வண்டியை நிறுத்தச் சொன்னால், காண்டாமிருகம் பார்க்க வந்தவர் சண்டைக்கு வருவார். நியாயமும் அவர் பக்கம்தான். ஒத்த ரசனையுள்ள மூன்று நாலு பேரைச் சேர்த்துத் தனி வண்டி எடுப்பதே சரி.

24 மணி நேர அனுமதியில் ஒரு பொறி உண்டு. அருஷாவிலிருந்து செரங்கெட்டிக்குப் போகும் வழக்கமான சாலை, பள்ளத்தைச் சூழ்ந்த நுகோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியின் வழியாகவே செல்கிறது. இறங்கிப் பார்க்காமல் வெறுமனே கடந்தாலும் நுழைவுக் கட்டணம் உண்டு. திரும்பி வரும்போது மறுபடியும் உண்டு. விலைப்பட்டியலில் இது எத்தனை முறை சேர்க்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு முறை மட்டும் போட்டு விலையைக் குறைத்துக் காட்டி, வாயிலில் போய்க் கையை விரிப்பது இந்தத் தொழிலின் பழைய வித்தை.

இனி நேரம். இந்தச் சேவை தோற்பதும் ஜெயிப்பதும் இங்கேதான். பாதுகாப்புப் பகுதியின் லொடுவாரே வாயில் காலை 6 மணிக்குத் திறக்கும். பெரும்பாலான பயணிகள் தங்குவது கராட்டு ஊரில். விடுதியில் ஆறரைக்குக் காலை உணவு, ஏழரைக்குப் புறப்பாடு, வாயிலில் ரசீது வரிசை, விளிம்புக் காட்சிமேடையில் ஒரு செல்ஃபி, அப்புறம் பள்ளத்துக்குள் போகும் செனெட்டோ இறக்கச் சாலை. தரையைத் தொடும்போது மணி ஒன்பதரை, பத்து. அதற்குள் சிங்கம் வயிறு புடைக்கப் படுத்துவிடும், கழுதைப்புலிகள் சேற்றுக் குட்டையில் ஊறிக்கொண்டிருக்கும், சடலம் இருந்த இடத்தில் பாறுக் கழுகுகள் மட்டும் சண்டை போடும். அதே 295 டாலர் கொடுத்து, ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த மைதானத்தைப் பார்த்துவிட்டு வருவதுதான் வழக்கமான திட்டம்.

கராட்டுவிலிருந்தே போனாலும் ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் வாயில் திறக்கும்போது முதல் ஐந்து வண்டிக்குள் நிற்கலாம். ஏழரைக்குள் தரையில் இருக்கலாம். பள்ளத்தின் விளிம்பிலேயே தங்கினால் இன்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிச்சம். ஆனால் விளிம்பு விடுதிகளின் விலை மூச்சை அடைக்கும். கூடாரம் பரவாயில்லை என்பவர்களுக்கு விளிம்பிலேயே சிம்பா முகாம் உண்டு. 2,300 மீட்டர் உயரம் என்பதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விடியற்காலைக் குளிர் ஊட்டி டிசம்பரை நினைவூட்டும். ஸ்வெட்டர், குல்லா, கையுறை மூன்றும் வேண்டும்; கூரை திறந்த வண்டியில் நிற்பதால் காற்று வேறு அறையும்.

காலைச் சாப்பாட்டைப் பொட்டலமாக முந்தின இரவே கட்டி வாங்கிவிடுங்கள். இந்த ஒரு கோரிக்கையை வைக்காததால்தான் பயணம் இரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது என்றால் நம்புவது கஷ்டம், ஆனால் நடப்பது அதுதான். காலை ஆறரை முதல் நண்பகல் வரை உள்ளே இருந்தால் போதும். அதற்குப் பிறகு கானல் நடுங்கும், எல்லாம் படுத்துவிடும். நாள் முழுக்க உள்ளே சுற்றுவதைப் பெருமையாக விற்பார்கள். பிற்பகலுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

அடுத்தது கைடு. வண்டி ஓட்டுபவரே வழிகாட்டி என்பதால் பயணத்தின் முக்கால் பங்கு அவர்தான். வானொலியில் சுவாஹிலியில் பேசிக்கொள்வார்கள். ஸிம்பா என்றால் சிங்கம். ஃபிஸி என்றால் கழுதைப்புலி. ஸிம்பா என்று கேட்டதும் பத்து வண்டி பறக்கும். ஃபிஸி என்று கேட்டால் யாரும் பிரேக்கைக்கூடத் தொடமாட்டார்கள், ஏனென்றால் சுற்றுலாப் பயணிக்கு அது பிடிக்காது என்பது அவர்கள் அனுபவம். அதனால் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: ஃபிஸி ஓடினால் பின்னால் போக வேண்டும், ஃபிஸி கத்தினால் வண்டியை நிறுத்த வேண்டும், ஐந்து பெரிய விலங்குகளின் பட்டியல் எங்களுக்குத் தேவையில்லை. இதைக் கேட்டதும் முகம் மலர்கிற கைடு கிடைத்தால் அதிர்ஷ்டம். நல்லவர்கள் பலர் இதற்காக ஏங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எழுபதாவது முறையாக அதே காண்டாமிருகப் புள்ளியைத் தூரத்தில் காட்டுவதில் அவர்களுக்கு மட்டும் என்ன சுகம்?

நிறுத்தியதும் இஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். 'ஸிமா இஞ்சினி' என்றால் புரியும். டீசல் உறுமலில் பாதி நிகழ்ச்சி காதில் விழாது, இந்த நிகழ்ச்சியோ பாதிக்கு மேல் காதால் பார்ப்பது.

விடியற்காலையில் சடலத்தைக் கண்டுபிடிக்கப் பாறுக் கழுகை நம்பக் கூடாது. தரை சூடாகி மேலெழும் காற்று இல்லாமல் அவற்றால் வட்டமடிக்க முடியாது. எட்டு ஒன்பது மணிக்குப் பிறகுதான் வானில் சேரும். அதற்கு முன் மூன்று துப்புகள். ஒன்று, கழுதைப்புலியின் நீளமான கூவல். கீழிருந்து மேலே வளைந்தெழும் அந்த 'ஊ...உப்' பல கிலோமீட்டர் கேட்கும். இரண்டு, ஒரே திசையில் தலையைத் தாழ்த்தாமல் நேர்கோட்டில் ஓடும் கழுதைப்புலி. சும்மா திரிகிறது என்றால் முகர்ந்து முகர்ந்து வளைந்து போகும். சேதி கிடைத்தது என்றால் பந்திக்கு முந்துகிற ஓட்டம். மூன்று, சிரிப்பு. பலரும் நினைப்பதுபோல அது கும்மாளம் அல்ல. விரட்டப்படுகிற, பயந்த, கீழ்ப்படிக் கழுதைப்புலி எழுப்பும் ஒலி. சிரிப்பு கேட்டால் அங்கே இறைச்சி இருக்கிறது, அதற்குப் போட்டியும் இருக்கிறது. இந்தச் சத்தமே கழுதைப்புலிக்கு வினை: அதே ஒலியைக் கேட்டுத்தான் சிங்கமும் வருகிறது. ஆய்வாளர்கள் சிங்கங்களை வரவழைத்து எண்ணுவதற்குக் கழுதைப்புலிகள் தின்னும் ஒலிப்பதிவைப் போடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சடலத்தருகே நின்றதும் கேமராவை எடுக்காதீர்கள், முதலில் எண்ணுங்கள். பெண் சிங்கம் எத்தனை, கழுதைப்புலி எத்தனை, வளர்ந்த ஆண் சிங்கம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் உண்டா? போட்ஸ்வானாவின் சவுட்டி பகுதியில் சூசன் கூப்பர் நடத்தி 1991-ல் வெளியான ஆய்வு ஒரு கணக்கைத் தந்தது. ஆண் சிங்கம் இல்லாத இடத்தில், ஒரு சிங்கத்துக்கு நாலு கழுதைப்புலி என்ற விகிதத்தைத் தாண்டினால் இரை கை மாறும். மூன்று பெண் சிங்கங்கள் தின்றால் பன்னிரண்டுக்கு மேல் சேரும்வரை காத்திருப்பு. ஆண் சிங்கம் வந்து நின்றால் இந்தக் கணக்கே செல்லாது. கழுதைப்புலியைவிட மூன்று மடங்கு எடை, ஒரு அறையில் முதுகெலும்பு போய்விடும். சவுட்டிக் கணக்கு இந்தப் பள்ளத்திலும் கை விரலால் எண்ண நல்ல அளவுகோல்.

அவையும் எண்ணிக்கொண்டுதான் இருக்கின்றன. அறிமுகமில்லாத சிங்கம் ஒன்றின் கர்ஜனையைவிட மூன்றின் கர்ஜனையை ஒலிபெருக்கியில் கேட்டபோது பெண் சிங்கங்கள் நெருங்கத் தயங்கியதை 1994-ல் வெளியான செரங்கெட்டி ஆய்வு காட்டியது. மசாய் மாராவில் கழுதைப்புலிகளிடம் அதே மாதிரி சோதனை செய்தபோது, கேட்ட குரல்கள் ஒன்றா, இரண்டா, மூன்றா என்ற வித்தியாசத்துக்கு ஏற்ப அவையும் நடந்துகொண்டன.

எண்ணி முடித்ததும் வாயைப் பாருங்கள். யார் கொன்றது என்பதற்கான சாட்சி முகத்தில் இருக்கும். சுற்றிலும் ஐம்பது மீட்டர் தள்ளிக் கழுதைப்புலிகள் உட்கார்ந்திருக்கின்றன. கழுத்துமுடி காதுவரை ரத்தத்தில் நனைந்து, காய்ந்து, முள் முள்ளாக நிற்கிறது. நடுவில் சிங்கத்தின் மோவாய் மட்டும் இப்போதுதான் சிவக்கிறது. இது பிடுங்கிய சாப்பாடு. சடலமும் சொல்லும். சிங்கம் பெரிய இரையைத் தொண்டையைக் கவ்வியோ வாயை மூடிப் பிடித்தோ மூச்சை நிறுத்திக் கொல்லும். தொண்டையில் அந்தப் பல்குறி இருக்கும். கழுதைப்புலிகள் ஓடும்போதே வயிற்றையும் தொடையிடுக்கையும் கிழித்துத் தின்னத் தொடங்கிவிடும்; தொண்டை பெரும்பாலும் தப்பியிருக்கும். ஈரமும் வெளிச்சமும் இருக்கும் முதல் ஒரு மணி நேரத்தில்தான் இதெல்லாம் தெரியும். பிறகு எல்லோர் முகமும் ஒரே சிவப்பு.

அப்புறம் வாலைப் பாருங்கள். கால்களுக்கிடையே இடுங்கிய வால் பயம். முதுகின் மேல் வளைந்து, முடி சிலிர்த்து நிற்கும் வால் துணிச்சல். ஒவ்வொன்றாக வால்கள் ஏறத் தொடங்கும்போது தாழ்ந்த, மாடு கத்துவது போன்ற முனகல் ஒன்று கூட்டத்தில் பரவும். தனித்தனியே நின்றவை பக்கத்தில் பக்கத்தில் வந்து, தோளோடு தோள் உரச, ஒரே உடம்பு போல நாலடி முன்னே வரும், நிற்கும், மறுபடி நாலடி. சிங்கம் காதை மடக்கும், வாலைச் சாட்டையாக அடிக்கும், பாய்ந்து இருபது மீட்டர் விரட்டிவிட்டுத் திரும்பும். இங்கேதான் கவனிக்க வேண்டும். திரும்பி வந்து மறுபடி தின்னத் தொடங்கினால் இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். திரும்பி வந்து சடலத்தின் மேல் காலை வைத்தபடி மூச்சுவாங்கிக்கொண்டு படுத்தால் வயிறு நிறைந்துவிட்டது. இனி அது காப்பது வீம்புக்கு. மூன்றாவது நாலாவது விரட்டலில் திரும்பி வராமலே நடையைக் கட்டும்.

அதன் பிறகு நடப்பது மிக வேகம். இருபது கழுதைப்புலிகள் விழுந்தால் பாதி தின்ற வில்டபீஸ்ட் அரை மணிக்குள் காணாமல் போகும். எலும்பு உடையும் சத்தம் வண்டிவரை கேட்கும். காய்ந்த கொம்பை முறிப்பது போல. அந்த எலும்புச் சுண்ணாம்பால்தான் வழியெங்கும் அவற்றின் எச்சம் சுண்ணாம்புக்கட்டி போல வெள்ளையாகக் கிடக்கிறது.

இரையின் அளவுதான் காட்சியின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. பிப்ரவரி வாக்கில் வில்டபீஸ்ட் கன்று போடும் காலத்தை உச்ச பருவம் என்று விற்கிறார்கள். வேட்டை பார்க்க அது சரி. போட்டி பார்க்க அது சுமார்தான். கன்று என்பது இரண்டு மூன்று கழுதைப்புலிக்கு ஒரு வாய், சிங்கம் சேதி கேட்டு வருவதற்குள் கதை முடிந்துவிடும். வளர்ந்த வரிக்குதிரை விழுந்தால் சில மணி நேரம். எருமை விழுந்தால் நாள் முழுக்க, சில சமயம் மறுநாள் காலைவரை இழுக்கும். 1970-களில் மசாய் மக்களைப் பள்ளத்தின் தரையிலிருந்து வெளியேற்றிய பிறகு அவர்கள் மாடு மேய்ச்சலும் புல் எரிப்பும் நின்று, புல் நெட்டையாக வளர்ந்து, எருமைகள் பெருகின. ஆகவே ஒரே நாளை நம்பாமல், முதல் நாள் மாலை பள்ளத்திலிருந்து திரும்பிய கைடுகளிடம் எருமை ஏதாவது விழுந்திருக்கிறதா என்று விசாரிப்பது நல்ல பலன் தரும். அந்த மக்களின் வெளியேற்றம் இன்னும் முடியாத விவகாரம் என்பதும் பயணிக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2022 முதல் பாதுகாப்புப் பகுதியில் வாழ்வோரை ம்சொமேரா என்ற ஊருக்கு இடம்மாற்றும் அரசுத் திட்டம் கடும் எதிர்ப்பைச் சந்தித்துவருகிறது.

எதிர்பார்ப்பு பற்றி ஒரு கறாரான சொல். இது சினிமா ஆகாது. மூன்று மணி நேரம் காத்திருந்தால் நாற்பது வினாடி பாய்ச்சல் கிடைக்கும். பல காலைகளில் அதுவும் இல்லை, முறைத்துக்கொண்டே கலைந்துவிடும். காயம்பட்டால் நாளைய வேட்டை போய்விடும் என்பதால் இரண்டு தரப்பும் கைகலப்பைத் தவிர்க்கவே பார்க்கின்றன. உத்தரவாதம் என்ற வார்த்தையை உபயோகிக்கிற நிறுவனத்தை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

வண்டி நீட்டிய லேண்ட் குரூசராக, கூரையை மேலே தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மினிவேன் வேண்டாம். சுற்றிலும் சாய்ந்து பார்க்க நாலு பேருக்கு நாலு இடம் இருக்கிறதா, லென்ஸ் வைக்க மணல்பை தருவார்களா, வானொலி வேலை செய்கிறதா, இந்த மூன்றையும் கேளுங்கள். பள்ளத்துக்குள் சாலையை விட்டு இறங்க அனுமதி இல்லை. சடலம் முப்பது மீட்டரில் கிடக்கலாம், முந்நூறு மீட்டரிலும் கிடக்கலாம். அது உங்கள் கையில் இல்லை. எனவே 8x42 பைனாகுலர் ஆளுக்கு ஒன்று கட்டாயம். வண்டிக்கு ஒன்று என்று கொடுப்பார்கள். அது முக்கியமான நாற்பது வினாடியில் எப்போதும் பக்கத்து ஆள் கையில்தான் இருக்கும். படம் எடுப்பவர்களுக்கு 400 மில்லிமீட்டருக்குக் குறைந்த லென்ஸ் வீண். மொபைலில் எடுத்தால் பழுப்புப் புல்லில் பழுப்புப் புள்ளிகள் கிடைக்கும்.

சாலையிலேயே நிற்க வேண்டியிருப்பதால் எந்த இடத்தில் நிற்பது என்பது கலை. சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். சடலமும் கழுதைப்புலிகள் வரும் பக்கமும் ஒரே பார்வையில் விழ வேண்டும். இரண்டுக்கும் நடுவே வண்டியைச் செருகினால் தோளோடு தோள் வரும் அந்த வரிசை உடைந்து ஆட்டமே கெட்டுவிடும். எட்டரைக்குப் பிறகு இருபது வண்டிகள் சேர்ந்தால் இது தினமும் நடக்கிறது. வானொலியில் ஊரைக் கூட்டாதே என்று உங்கள் கைடிடம் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் அவர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் உண்டு, நாளைக்கு அவருக்கும் அந்த வானொலிதான் சோறு போடுகிறது.

இயற்கை உபாதைக்கு நினைத்த இடத்தில் இறங்க முடியாது. குறிப்பிட்ட சில இடங்களில்தான் கழிப்பறை. நீர்யானைகள் கிடக்கும் ங்கொய்டொகிடோக் குளக்கரை அவற்றில் ஒன்று, சாப்பிடும் இடமும் அதுதான். காலையில் காபியைக் குறைத்துக்கொள்ளுங்கள். சைவம் வேண்டுமென்றால் முட்டையும் கோழியும் மீனும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். வெறும் சைவம் என்றால் பொட்டலத்தில் முட்டை வரலாம். சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்கு வெளியே நிற்காதீர்கள். மேலே சுற்றும் பருந்துகள் பின்பக்கமிருந்து ஓசையின்றி இறங்கிக் கோழித்துண்டைக் கையோடு சேர்த்துக் கிழித்துக்கொண்டு போகும். காலையெல்லாம் அடுத்தவன் இரையை யார் பிடுங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு, மதியம் நாமே பறிகொடுப்பது கொஞ்சம் அதிகம்.

இதே பணத்துக்கு வேறு எங்கே போகலாம்? கென்யாவில் மசாய் மாராவை ஒட்டிய மாரா நார்த், நபோய்ஷோ போன்ற தனிக் காப்பிடங்களில் சாலையை விட்டு இறங்கலாம், இரவிலும் வண்டி ஓட்டலாம். கழுதைப்புலியின் உண்மையான வேலை நேரம் இரவு என்பதால் அது பெரிய வசதி. விலையும் அதற்கேற்ற மாதிரி. மாரா தேசியக் காப்பகத்துக்குள் மட்டும் போவதென்றால் நுழைவு ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலை முதல் 200. நமீபியாவின் எட்டோஷாவில் ஒக்காகுவேயோ முகாமின் நீர்நிலைக்கு இரவெல்லாம் விளக்கு எரியும்; அங்கே போட்டி தண்ணீருக்கு, இறைச்சிக்கு இல்லை. நம் கபினியிலும் முதுமலையிலும் புலி விட்ட இரையைச் சிறுத்தையும் செந்நாயும் தேடி வருவது உண்டுதான். ஆனால் புதர் மறைத்துக்கொள்ளும். மானின் எச்சரிக்கைக் குரலைக் கேட்டுக்கொண்டு கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான். ஒரே காலை, குறைந்த நாட்கள், திறந்த வெளி என்று பார்த்தால் நுகோரோங்கோரோவை அடிக்க ஆள் இல்லை. சிவிங்கிப்புலி (சீட்டா), செந்நாய் வகைகளும் போட்டியில் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இது இடமில்லை: சிவிங்கி இங்கே அரிது, ஆப்பிரிக்கக் காட்டுநாயைப் பள்ளத்தில் எதிர்பார்க்கவே வேண்டாம்.

மார்ச் இறுதியிலிருந்து மே வரை பெருமழை. இறக்கச் சாலை வழுக்கும், மேகம் விளிம்பில் உட்கார்ந்துகொண்டால் பத்து மணிவரை கீழே எதுவும் தெரியாது. ஆனால் விடுதி விலை இறங்கும், வண்டிக் கூட்டமும் பாதியாகும். ஜூன், அக்டோபர் இரண்டும் நடுவாந்திரம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கூட்டம் தாங்காது.

போகும் வழியைப் பற்றி ஒன்று. கிளிமஞ்சாரோ விமான நிலையத்துக்கு அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாக வருகிறவர்கள் அதிகம். எத்தியோப்பியாவும் கென்யாவும் இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ளவை. அங்கே தங்கியோ இடைநின்றோ ஊர் திரும்பும்போது தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கலாம். இல்லையென்றால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்த விமான நிலையச் சுகாதார அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் ஊசி போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், ஆகவே டிக்கெட் எடுத்த கையோடு அந்த வேலையை முடித்துவிடுங்கள்.